கத்தி இடைவெளி

மூன்றாவது சக்கரத்தில் மண் அப்பியிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். டிராக்டருக்குப் பின்னால் குறுக்குச் சட்டத்தின் மேல் ஓர் இரும்பு இருக்கை. வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்திருப்பது அவள் வேலை. காலுக்குக் கீழே நான்கு சக்கரங்கள், வரிசைக்கு ஒன்றாகச் சுற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு சக்கரத்திலும் பூவிதழ் மாதிரி விரித்து வைத்த கத்திகள். வண்டி நகர நகர ஒரு கத்தி இறங்கி, நெருக்கமாக முளைத்திருக்கும் பருத்திக் கன்றுகளில் ஒரு கொத்தை வெட்டித் தள்ளும். அடுத்த கத்தி வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் ஒன்றிரண்டு கன்றுகள் தப்பிக்கும். தப்பித்ததுதான் செடியாகும், காய் பிடிக்கும். எல்லா விதையும் முளைக்காது என்று நெருக்கி விதைக்கிறார்கள். முளைத்ததை எல்லாம் விட்டுவைத்தால் எதுவுமே தேறாது என்று பிறகு கலைத்து விடுகிறார்கள். எவ்வளவு தப்பிக்க வேண்டும் என்பது கத்திகளின் இடைவெளியைப் பொறுத்தது. கத்தியை அதன் நீளத் துளையில் முன்னே பின்னே நகர்த்தி, வேண்டிய இடத்தில் வைத்து, நட்டைப் போட்டு இறுக்கிவிட வேண்டும். இறுக்கிவிட்டால் வயல் முடியும்வரை அது அசையக் கூடாது.

நான்கு சக்கரமும் சேர்ந்து எழுப்பும் சத்தம் அவளுக்குப் பழக்கம். அதில் தூங்கக்கூட முடியும், தூங்கியும் இருக்கிறாள். அன்று காலை அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று பிசகியது. பல் ஆடுகிறவன் மென்று தின்பதுபோல ஒரு பக்கம் மட்டும் கடகடவென்றது.

“ஏங்க, சத்தம் மாறுது. கொஞ்சம் நிறுத்துங்க” என்று திரும்பிக் கத்தினாள்.

அவள் கணவர் திரும்பவில்லை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஓடட்டும் என்பதுபோல ஆட்டினார். ஊரில் அவரை மிஷின்காரர் என்பார்கள். இந்தக் கலைக்கிற மிஷின் சுற்று வட்டாரத்தில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

வயல் கோடியில் வண்டி திரும்பியபோது மறுபடியும் சொன்னாள். “இறங்கிப் பாத்துடலாமா? மூணாவதுல மண்ணு அப்பியிருக்கு போல.”

“காய்ஞ்ச மண்ணு எங்கேருந்துடி அப்பும்? வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். சும்மா உக்காரு.”

சும்மா உட்கார்ந்தாள். காற்று அந்தப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சக்கரமும் நான்காவதும் புழுதிக்குள் ஓடின. முகத்தில் கட்டியிருந்த துணிக்கு மேலே கண் மட்டும் எரிந்தது. காற்று நின்று புழுதி அடங்கியபோது வயலில் பாதி முடிந்திருந்தது. அப்போதுதான் பார்த்தாள். மற்ற மூன்று வரிசைகளில் ஒரு சாணுக்கு ஒன்றாகக் கன்றுகள் நின்றன. மூன்றாவது வரிசையில் எதுவும் இல்லை. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வெறும் மண். வண்டி போய்த் திரும்பிய ஒவ்வொரு நடையிலும் நான்கில் ஒரு வரிசை அப்படியே வழித்து எடுக்கப்பட்டிருந்தது.

வயல் அவள் தங்கை வீட்டுக்காரருடையது. அவருக்கு ஊரில் ‘அவசரம்’ என்றே பெயர். குழந்தை பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் போய் இடம் கேட்டவர் என்று தங்கையே கேலி செய்வாள். இந்த முறையும் அவசரப்பட்டு முந்தி விதைத்தவர், மழை ஏமாற்றியதால் ஒரு தடவை அழித்து மறுபடி விதைத்திருந்தார். இன்னொரு தடவை விதைப்பதற்குப் பருவம் இல்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வரப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவர் வெறும் வரிசையில் குந்தி உட்கார்ந்தார். வெட்டுப்பட்டுக் கிடந்த கன்றுகளை விரலால் கிளறினார். அப்போதே வாடத் தொடங்கியிருந்தன.

“என்னண்ணே இது?”

“நட்டு லூசாகி கத்தி நகந்துடுச்சு” என்றார் மிஷின்காரர். சக்கரத்தில் கத்திகள் வைத்த இடத்தைவிட்டு நகர்ந்து, இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன.

“நகந்தா பின்னாடி உக்காந்திருக்கிற ஆளுக்குத் தெரியாதா? அதுக்குத்தானே அங்க ஒரு சீட்டு? இல்ல, வேடிக்கை பாத்துட்டு வரவா?” அவசரம் எழுந்து நின்றார். “கத்தியில நட்டு கழண்டுச்சா, இல்ல உக்காந்திருந்தவங்களுக்கே நட்டு கழண்டு போச்சா?”

வரப்பில் நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை, சட்டென்று வந்துவிட்டது. தேநீர்ப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த தங்கை பாதி வழியில் நின்றுவிட்டாள்.

அவள் மிஷின்காரரைப் பார்த்தாள். இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். சத்தம் மாறுது என்று அவள் சொன்னதை, நிறுத்தச் சொன்னதை, திரும்பும்போது மறுபடி சொன்னதை. ஒரு வாக்கியம் போதும். அரை வாக்கியம்கூடப் போதும். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அவள் முகத்துத் துணியை அவிழ்க்கவே இல்லை. அது ஒரு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தாள். சமைத்தாள். துவைத்தாள். தண்ணீர் பட்டதும் உள்ளங்கைக் காய்ப்புகள் எரிந்தன. சண்டை போடலாம் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. முதுகுத்தண்டின் அடியில் இரும்பு இருக்கையின் அதிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கன்று கலைக்கிற மாதங்களில் எல்லாம் அப்படித்தான், படுத்த பிறகும் உடம்பு வண்டியிலேயே போய்க்கொண்டிருக்கும். மகள் வெளியூரிலிருந்து போனில் கூப்பிட்டபோது, “எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். தூக்கம் வருது, நாளைக்குப் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். மிஷின்காரர் முற்றத்தில் உட்கார்ந்து டம்ளரை இடது கையில் பிடித்துத் தேநீர் குடித்தார். வலது கையில் எண்ணெய் என்றார். அவள் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார்.

“மரை தேஞ்சு போயிருக்கும்” என்றார் பிறகு. “போல்ட்டு எல்லாத்தையும் மாத்திடணும். நாளைக்கு வெல்டர்கிட்ட கொண்டு போலாம்.”

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள்.

வெல்டரின் பட்டறை பிரதான சாலையில் டயர்க் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை, கரி பிடித்த சுவர், மூலையில் தலைகீழாகக் கிடந்த யாரோ ஒருவருடைய இரும்புக் கதவு. வெளியே போட்டிருந்த பழைய டயரின் மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போகப் பிடிக்கவில்லை. கழற்றிக் கொண்டுவந்திருந்த மூன்றாவது சக்கரத்தை வெல்டர் மேசை மேல் கிடத்தி, ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தான். பெயர்தான் வெல்டர்; கடைசல், துளைபோடுவது, உடைந்த மனதைத் தேற்றுவது எல்லாமே அவனே.

“மரை நல்லாத்தான் இருக்கு மிஷின்காரரே” என்றது உள்ளிருந்து அவன் குரல். “புதுசு மாதிரி இருக்கு. நட்டும் தேயல. இத ஒழுங்கா முறுக்கவே இல்ல. கையாலயே சுத்தி விட்ட மாதிரிதான் இருந்திருக்கணும். யார் முறுக்கினது?”

சாலையில் ஒரு லாரி போனது. அது போன பிறகு அவர் குரல் கேட்டது.

“வீட்ல முறுக்கினா.”

அவள் அந்தச் சொற்களை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்ல முறுக்கினா. வயலில் அவர் பேசாமல் இருந்தார். அதற்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், திகைத்துப் போயிருப்பார், மைத்துனி வீட்டுக்காரர் முன்னால் வாய் அடைத்திருக்கும் என்று. இது அப்படி இல்லை. இது யோசித்துச் சொன்ன பொய்; அந்த நட்டுகளை இறுக்கியது அவர்தான். டயரிலிருந்து எழுந்து உள்ளே போனாள். புடவையில் கரி ஒட்டியிருந்தது, தட்டவில்லை.

“ஆமா, நான்தான் முறுக்கினேன்” என்றாள் வெல்டரிடம். மேசை மேலிருந்த ஸ்பேனரை எடுத்தாள். கணவரின் முன் நீட்டினாள். “எனக்குச் சரியாத் தெரியல போல. நீங்க ஒரு தடவை முறுக்கிக் காட்டுங்க. பாத்துக் கத்துக்கறேன்.”

“என்னடி இது, இங்க வந்து...”

“ஒரே ஒரு நட்டு. முறுக்கிக் காட்டுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். கோபம் இருந்தால் அவளுக்கும் வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார். வாய் திறக்காமல் கெஞ்சினார். அவளுக்கு அது புரியவில்லை. புரியாத ஆத்திரத்தில் ஸ்பேனரை இன்னும் முன்னால் நீட்டினாள்.

வாங்கினார். வலது கையில் வாங்கி, நட்டில் மாட்டினார். விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வந்தன. கட்டைவிரல் மட்டும் வரவில்லை. தோளைச் சாய்த்து, உடம்பையெல்லாம் சேர்த்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பேனர் அசையவில்லை. அவர் கைதான் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது, ஈர மீனைப் பிடித்த கை மாதிரி. மறுபடி பிடித்தார். ஸ்பேனர் நழுவி மேசையில் மோதி, சிமெண்டுத் தரையில் விழுந்து, அவள் கால் வரைக்கும் உருண்டு வந்தது.

யாரும் குனிந்து எடுக்கவில்லை. வெல்டர் மெதுவாகத் தன் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி, பற்ற வைக்க வேண்டிய அவசியமே இல்லாத அந்த இரும்புக் கதவில் பொறி பறக்க எதையோ பற்ற வைக்க ஆரம்பித்தான்.

“எப்பருந்து?” என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நீல வெளிச்சம் விட்டுவிட்டு அவர் முகத்தில் அடித்தது. அப்போதுதான் அவர் தாடையில் கிடந்த சவரக் காயங்களைப் பார்த்தாள். ஒன்று இரண்டல்ல, நிறைய. சட்டையின் மேல் பொத்தான் சில நாட்களாகவே போடாமல் கிடப்பது, சாவியை அவளிடம் நீட்டிப் பூட்டச் சொல்வது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எதையும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். நீளமான நடை, சுவரோரம் வரிசையாக பெஞ்சுகள், மருந்து போட்டுத் துடைத்த தரையின் நெடி. எதிரே ஒரு கைக்குழந்தை அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பதிலுக்குச் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தன் இரண்டு விரலை அவர் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்னாள். இடது கை அப்படியே நின்றது, வலது கை தூக்கம் வந்தவன் தலை மாதிரி மெல்லச் சரிந்தது. தலைக்கு ஸ்கேன் படம் எடுத்துவரச் சொன்னாள். எடுத்து வந்ததும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல சின்னதா ஒரு அடைப்பு வந்திருக்கு. வந்து சில வாரம் ஆகியிருக்கும். அன்னைக்கே வந்திருக்கணும்.” பிறகு அவள் பக்கம் திரும்பினாள். “நீங்க கூடவேதானே இருக்கீங்க? கவனிக்கலையாம்மா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்துவிட்டாள். டாக்டர் திகைத்துப் பார்க்க, “இல்லம்மா, மன்னிச்சுக்குங்க” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை, அது முடிந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் நின்றது.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரப்பர்ப் பந்தை வைத்து அழுத்திப் பழகச் சொன்னார்கள். பழகப் பழகக் கை கொஞ்சம் திரும்பும், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. வண்டி ஓட்டக் கூடாது. அதைச் சொன்னபோது மட்டும் மிஷின்காரர் நிமிர்ந்து, “மெதுவா ஓட்டினா?” என்று கேட்டார். மெதுவாகவும் கூடாது.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழி போன பிறகு கேட்டாள்.

“என்கிட்டகூட ஏன் சொல்லல?”

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “காலைல எழுந்திருக்கும்போது கை மரத்த மாதிரி இருந்துச்சு. அமுக்கிப் படுத்துட்டேன்னு நெனச்சேன். சாயங்காலம் சரியாயிடும்னு பாத்தேன். அப்பறம் நாளைக்குன்னு பாத்தேன்.” பிறகு, “சொன்னா எல்லாரும் சேந்து என்னை வண்டிய விட்டு இறக்கிடுவீங்க” என்றார்.

“அதுக்கு முந்தி நீங்க என்னை இறக்கிட்டீங்க.”

அவர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து, யாருடையதோ ஒரு பொருளை ஓரமாக வைப்பது மாதிரி நகர்த்தி வைத்தார். அவள் இன்னும் பேச நினைத்தாள். இரண்டு நாளாக உள்ளுக்குள் அடுக்கி வைத்திருந்த சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? ஒருவரிடம் கோபப்படுவதற்குக்கூட அவர் நன்றாக இருக்க வேண்டும். கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு துளி குறையவில்லை. இறக்கி வைக்க இடம்தான் இல்லாமல் போய்விட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தாள்.

மறுநாள் தங்கையின் வயலுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. வெறும் வரிசைகளில் ஊறவைத்த விதையை ஊன்றிப் பார்க்கலாம் என்று அவசரம் ஆட்களை விட்டிருந்தார். பிந்தி முளைப்பது முந்தியதோடு சேர்ந்து வளராது, நிழலில் அமுங்கிப் போகும். இருந்தாலும் சும்மா விட மனம் வரவில்லை அவருக்கு. தங்கை குனிந்து ஊன்றிக்கொண்டிருந்தாள். அவளும் அடுத்த வரிசையில் குனிந்தாள். குச்சியால் ஒரு குழி, அதில் விதை, மேலே மண், ஒரு அழுத்து.

“நீ எதுக்குக்கா வந்தே?” என்றாள் தங்கை. “அவரு பேசினத மனசுல வெச்சுக்காதக்கா. வாய் ஒரு பக்கம் ஓடும், அவரு அது பின்னாடி ஓடுவாரு.”

“வெச்சுக்கல.”

“மாமாவுக்கு என்ன? பஸ்ஸுல வந்து இறங்கினத பாத்தேன்னு சொன்னாங்க.”

சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவருக்காகப் பரிந்து பேசுவதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் தன் மேல் விழுந்த பழி அப்படியே கிடக்கும். இரண்டும் வேண்டாம் என்று விதையை ஊன்றினாள்.

வரிசையின் பாதியில் இருக்கும்போது தங்கைதான் முதலில் நிமிர்ந்து, “யாரது, மாமாவா?” என்றாள். மிஷின்காரர் வரப்பின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் நடந்து வயலுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை; எப்போதும் வண்டியின் மேல்தான் வருவார். நடையில் அவர் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார். நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனார். அங்கே அவசரம் யாரையோ போனில் விரட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் மிஷின்காரர்.

“இருங்கண்ணே, ஆள் வரச் சொல்லியிருக்கேன், இந்தா வந்துடறேன்...”

“இரு. நின்னு கேளு.”

அவசரம் போனை இறக்கினார்.

“நட்ட முறுக்கினது நான். அவ கையே வைக்கல. என் கை செத்துப் போச்சு, இந்தா பாரு, பிடிக்க வர மாட்டேங்குது. சத்தம் மாறுதுன்னு அவ அப்பவே சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. நிறுத்தினா நான்தானே இறங்கி முறுக்கணும்? அதனாலதான் நிறுத்தல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ அவளைப் பேசினப்போ நான் பாத்துட்டு நின்னேன்.”

அன்று சிரித்த வேலையாட்களும் அங்கேதான் இருந்தார்கள். அவசரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அவசரமாகச் செய்ய எதுவும் இல்லாமல் போயிற்று. போனில் அந்தப் பக்கத்து ஆள் இன்னும் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தான். கடைசியில் கொட்டகைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “உக்காருங்கண்ணே, முதல்ல உக்காருங்க” என்றார்.

பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, வரிசைகளைத் தாண்டி, அவளிடம் வந்தார். கன்றுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். செம்பை நீட்டினார். “அக்கா” என்றார். அவளும் வாங்கிக் குடித்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

நியாயம் கிடைத்துவிட்டது. நாலு பேர் முன்னால் போனது நாலு பேர் முன்னாலேயே திரும்பி வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளைப் பார்த்தாள். அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. குச்சியை எடுத்து அடுத்த குழியைப் போட்டாள்.

பருத்தி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கன்று பெரிதாகித் தண்டு முற்றிவிட்டால் கத்தி ஏறாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஓட்டுவதற்கு ஆள் தேடியபோது அவசரமே, “நான் ஓட்டறேன்கா, இந்தப் பருவம் முடியற வரைக்கும்” என்று வந்து நின்றார். “ஓட்டுங்க தம்பி, ஆனா பறக்காதீங்க. இது ஆம்புலன்ஸ் இல்ல” என்றாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. பின்னிருக்கையில் அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கணவரை வீட்டில் இருக்கச் சொல்லித்தான் வந்திருந்தாள். சக்கரங்களை வயலோரம் இறக்கி வைத்த நேரத்தில் மிஷின்காரர் அங்கேயும் வந்து நின்றார், ரப்பர்ப் பந்தைப் பிடித்தபடி. அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். இந்த வயல் மேட்டு நிலம், நெருக்கம் கொஞ்சம் கூட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கத்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நகர்த்தி, சாணளந்து வைத்தாள். இறுக்கும்போதுதான் பிரச்சினை. நின்றுகொண்டு அவள் பலத்துக்கு ஸ்பேனர் கடைசிச் சுற்று வரவில்லை. அதற்கென்று வெல்டர் ஒரு குழாய்த் துண்டு வெட்டிக் கொடுத்திருந்தான். அதை ஸ்பேனரின் வாலில் செருகிக்கொண்டு, சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, காலை உதைத்து அழுத்தினால் நட்டு முனகிக்கொண்டு திரும்பியது.

“இன்னும் கால் சுத்து போகும்” என்றார் அவர் மேலேயிருந்து.

“போகாது.”

“போகும். மூச்சப் பிடிச்சிட்டு அழுத்து.”

அழுத்தினாள். போனது. உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்தது. அடுத்த சக்கரத்துக்கு மண்ணிலேயே முதுகால் நகர்ந்தாள். சூரியன் நேராகக் கண்ணில் குத்தியது. கண்ணை இடுக்கிக்கொண்டு நட்டைத் தேடினாள். ஸ்பேனர் இரண்டு தடவை தவறியது. அலுத்துப் போய்க் கையைத் தொங்கவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். யாராவது வந்து எழுப்பும்வரை அங்கேயே கிடக்கலாம் போலிருந்தது. டிராக்டரின் மேலிருந்து அவசரம், “ஆச்சாக்கா?” என்றார். “ஆகல” என்றாள்.

அப்போது முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயில் மறைந்தது. கண்ணைத் திறந்தாள். மிஷின்காரர் தலைமாட்டில் வந்து நின்றிருந்தார். அவளைப் பார்க்காமல், தூரத்தில் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு, கால்களைச் சற்று அகட்டி நின்றிருந்தார். அவருடைய நிழல் அவள் நெற்றியிலிருந்து கழுத்துவரை விழுந்திருந்தது.

நட்டு இப்போது தெளிவாகத் தெரிந்தது. முறுக்கினாள். நான்காவது சக்கரத்துக்கு நகர்ந்தாள், வெயில் ஒரு கணம் மறுபடி கண்ணில் அடித்தது. செருப்புக் கால் இரண்டு மண்ணில் தேய்ந்து தேய்ந்து அவளோடு நகர்ந்து வந்தன. நிழல் கொஞ்சம் தள்ளி விழுந்தது. ஒரு காலை எடுத்து வைத்துச் சரிசெய்துகொண்டு, அவர் அசையாமல் நின்றார்.